ஆட்டுப் பண்ணையில் ஒரு வில்லங்கச் சான்றிதழ்

நியூஸிலாந்தில் மனிதர்கள் 50 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். ஆடுகள் அதைப்போல நாலு மடங்குக்கும் மேல். அந்த ஆடுகளில் ஒரு கூட்டம் மட்டும் கொடுத்து வைத்தது. உலகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் ஜனங்கள் விமானம் ஏறி, டிக்கெட் வாங்கி, பஸ் பிடித்து வந்து பார்க்கிற ஒரு மேட்டில், இவை பைசா செலவில்லாமல் புல் மேய்ந்துகொண்டிருக்கின்றன.

ஊரின் பெயர் மாட்டமாட்டா. 'அவ லேசுல மாட்டமாட்டா' என்று யாரோ அலுத்துக்கொள்வது போல இருக்கிறதா? மாவோரி மொழிப் பெயர். ஆக்லாந்திலிருந்து தெற்கே இரண்டு மணி நேர கார் பயணம். நம்ம ஊர் மாதிரியே ரோட்டின் இடது பக்கம் ஓட்டுகிறார்கள். மற்றபடி நம்ம ஊர் மாதிரி எதுவும் இல்லை, ஹார்ன் சத்தம் உள்பட. வழியில் 'பாம்பே' என்று ஒரு ஊர் வருகிறது. வடா பாவ் கிடைக்குமோ என்று எட்டிப் பார்க்க வேண்டாம். 1860-களில் குடியேறிகளை ஏற்றி வந்த கப்பலின் பெயர் பாம்பே. அதையே ஊருக்கும் வைத்துவிட்டார்கள்.

காரை ஓட்டியது என் மைத்துனன். ஆக்லாந்தில் கம்ப்யூட்டர் உத்தியோகம். 'ரிங்ஸ் ஆஃப் பவர்' சீரியலை ஒரு எபிசோடு விடாமல் பார்த்தவன். டோல்கீன் புத்தகம் ஒன்றையும் தொட்டுக்கூடப் பார்க்காதவன்.

"அத்தான், அந்த சீரியல்ல வர்ற கோட்டை, கப்பல், அரண்மனை எல்லாம் அங்கே இருக்கும்ல?"

"இருக்காது மாப்ளே."

"ஏன்? அதே ஆளு எழுதின கதைதானே? முதல் சீசனை இதே நாட்லதானே எடுத்தாங்க?"

"ஆளு ஒண்ணுதான். பத்திரம் வேற வேற."

நாம் வீடு வாங்கும்போது முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம் இல்லையா? மூலப்பத்திரம் யார் பேரில், நடுவில் யார் யார் கை மாறியது, மொட்டை மாடி யாருக்கு, கிணற்றில் பாத்தியதை உண்டா என்று? கற்பனைக் கதைகளை டி.வி.யில் பார்ப்பதற்கு முன்னாலும் ஒரு தரம் போட்டுப் பார்ப்பது நல்லது. 'ஏன் இந்தக் கேரக்டர் வரல்லே, ஏன் இப்படிக் கதையை மாத்தினான்' என்று நாம் டைரக்டரைத் திட்டிக்கொண்டிருப்போம். பாதி சமயம் அந்த மனுஷன் கையில் இருந்த பத்திரமே அவ்வளவுதான்.

* * *

ஹாபிட்டன் உண்மையிலேயே அழகு. பச்சை மேடுகள், குளம், பாலம், மேட்டுக்குள் குடைந்த மாதிரி 44 ஹாபிட் வீடுகள், வட்டக் கதவுகள், கொடியில் காயும் துணி. பெரும்பாலான கதவுகளைத் திறந்தால் உள்ளே வீடு கிடையாது. உள் காட்சிகளை வெலிங்டன் ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்டார்கள். ஜனங்கள் ஏமாந்து போகிறார்களே என்று 2023 டிசம்பரில்தான் இரண்டு வீடுகளுக்கு உள்ளேயும் அறை, அடுப்பு, படுக்கை எல்லாம் செய்து திறந்துவிட்டார்கள்.

1998-ல் டைரக்டர் பீட்டர் ஜாக்ஸன் லொகேஷன் தேடி ஆகாயத்தில் சுற்றியபோது கண்ணில் பட்டது இந்தப் பண்ணை. அலெக்ஸாண்டர் குடும்பத்துக்குச் சொந்தமான 1,250 ஏக்கர். சினிமாக்காரர்கள் கதவைத் தட்டியபோது வீட்டுப் பெரியவர் டி.வி.யில் ரக்பி மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தாராம். 'மேட்ச் முடியட்டும், அப்புறம் பேசலாம்' என்றாராம். இந்தக் கதையை அங்கே எல்லாரும் பெருமையாகச் சொல்கிறார்கள். (இந்தியா-பாகிஸ்தான் மேட்ச் அன்றைக்கு நம் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.)

1999 மார்ச்சில் வேலை ஆரம்பம். நியூஸிலாந்து ராணுவம் வந்து ரோடு போட்டுக் கொடுத்தது. 39 ஹாபிட் வீடுகள் எழும்பின. எல்லாம் தற்காலிக சமாசாரம்: ப்ளைவுட், தெர்மோகோல். ஷூட்டிங் முடிந்ததும் இடித்துத் தள்ளிவிட்டு நிலத்தைப் பழையபடி ஆடுகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஏற்பாடு. இடிக்க ஆரம்பித்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. வேலை நின்றது. 17 வீடுகளின் முகப்பு மட்டும், பெயின்ட் போன வெறும் ப்ளைவுட்டாக, மேட்டில் நின்றது.

அந்த ஓட்டை ப்ளைவுட்டைப் பார்க்கத்தான் ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். 2002-ல் டூர் ஆரம்பித்துவிட்டார்கள். 'ஹாபிட்' படங்களுக்காக மறுபடி கட்டியபோது பண்ணைக்காரர்கள் உஷார். இந்தத் தடவை நிஜ மரம், நிஜ சிமென்ட். 2011 முதல் இப்போது நாம் பார்க்கிற நிரந்தர ஹாபிட்டன். மழைக்கு நன்றி.

பேக் எண்ட் என்ற அந்தப் பிரசித்தி பெற்ற பச்சைக் கதவுக்கு முன்னால் க்யூ நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். கதவுக்கு மேலே ஒரு ஓக் மரம். பண்ணையில் மற்ற மரமெல்லாம் அசல். இது மட்டும் டூப். இலைகூடத் தொழிற்சாலைச் சரக்கு.

"இந்த போட்டோவுல எத்தனை ஓனர் இருக்காங்க தெரியுமா மாப்ளே?"

"நானும் நீங்களும்தான் அத்தான் இருக்கோம்."

இல்லை. மண் அலெக்ஸாண்டர் குடும்பத்துடையது. நடுவில் பித்தளைக் குமிழ் வைத்த வட்டமான பச்சைக் கதவு, 1937-ல் டோல்கீன் எழுதிய 'ஹாபிட்' புத்தகத்தின் ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது. அந்த எழுத்து டோல்கீன் குடும்பத்துடையது. அதைச் சுற்றி வேலி, ஜன்னல், படிக்கட்டு, மரம் என்று படத்துக்காக வரைந்த டிசைன் சினிமாக் கம்பெனியுடையது. 'ஹாபிட்' என்ற வார்த்தையைப் போட்டு சாமான் விற்கும் டிரேட்மார்க் உரிமையோ மிடில்-எர்த் என்டர்பிரைஸஸ் என்ற நாலாவது பார்ட்டியிடம். ஒரு கதவுக்கு நாலு பட்டா!

* * *

மூலப்பத்திரத்துக்கு வருவோம். ஜே.ஆர்.ஆர். டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் சொல்லிக் கொடுத்த புரொபஸர். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954-55-ல் மூன்று வால்யூமாக வந்தது. 1957-லேயே அமெரிக்காவிலிருந்து சினிமா ஆசாமிகள் வந்து நின்றார்கள். அப்போது அவரும் பதிப்பாளரும் பேசி ஒரு முடிவு எடுத்தார்கள். ஒன்று, கை நிறையப் பணம் கொடு, என்ன வேணுமானாலும் செய்துகொள். அல்லது, பணம் குறைவாகக் கொடு, ஆனால் எதை மாற்றக் கூடாது என்று நாங்கள் சொல்வோம். எவ்வளவு தெளிவு பாருங்கள். நம்மில் பல பேர் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போதுகூட இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை.

1969-ல் பணம் ஜெயித்தது. 'ஹாபிட்', 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' இரண்டின் சினிமா உரிமையும் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கம்பெனிக்குப் போனது. 1976-ல் அது சால் ஸான்ட்ஸ் என்ற தயாரிப்பாளர் கைக்கு மாறியது. ஆனால் 'ஹாபிட்'டின் விநியோக உரிமையை மட்டும் பழைய கம்பெனி தன்னிடமே வைத்துக்கொண்டது. வீட்டை விற்றுவிட்டுக் கொல்லைப்புறச் சாவியை மட்டும் மடியில் முடிந்துகொண்ட மாதிரி. கதைப்படி முன்னால் நடப்பது 'ஹாபிட்'. திரையில் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 2001-லும் 'ஹாபிட்' 2012-லும் தலைகீழாக வந்ததற்கு அந்தச் சாவியும் ஒரு காரணம்.

1969 பத்திரத்தில் இல்லாத ஒரு சொத்து உண்டு. டோல்கீன் இளவயதிலிருந்து எழுதி எழுதித் திருத்திக்கொண்டே இருந்த புராணம். அவர் 1973 செப்டம்பர் 2-ம் தேதி இறந்தபோதுகூட அது முடியவில்லை. மகன் கிறிஸ்டோபர் கட்டுக் கட்டான காகிதங்களைச் சேர்த்துத் தொகுத்து 1977-ல் 'சில்மரில்லியன்' என்று வெளியிட்டார். விற்றபோது அச்சிலேயே இல்லாத புத்தகம். எனவே பத்திரத்திலும் இல்லை. கடைசிவரை கிறிஸ்டோபர் அதை எந்த சினிமாக்காரருக்கும் கொடுக்கவில்லை. 2012-ல் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகைப் பேட்டியில், அப்பாவின் எழுத்து வியாபாரத்தில் அமிழ்ந்து போய்விட்டதே என்று வருத்தப்பட்டார்.

அவர் வருத்தத்துக்குக் காரணம் இருந்தது. 2008-ல் டோல்கீன் தரப்பு, படங்களின் வசூலில் சேர வேண்டிய 7.5 சதவிகிதப் பங்கு வரவில்லை என்று நியூலைன் கம்பெனி மீது வழக்குப் போட வேண்டி வந்தது. 2009-ல் சமரசம் ஆனது. 2012-ல் இன்னொரு வழக்கு, 8 கோடி டாலர் கேட்டு. இது இன்னும் சுவாரஸ்யம். பழைய பத்திரப்படி பொம்மை, தட்டு, துணிமணி, எழுதுபொருள் மாதிரி கையால் தொடக்கூடிய சாமான்களைத்தான் விற்கலாம்; இவர்களோ இன்டர்நெட் சூதாட்ட மிஷினில் கதாபாத்திரங்களை ஏற்றிவிட்டார்கள் என்று புகார். 2017-ல் அதுவும் சமரசம். ஹாபிட்டன் கடையில் கோப்பை, சட்டை, சாவிக்கொத்து என்று அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கும்போது, ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு வக்கீல் நிற்பது போலவே தோன்றியது.

டூரின் கடைசியில் 'க்ரீன் டிராகன்' என்ற மதுக்கூடம். டிக்கெட்டோடு ஒரு பானம் இலவசம். நான் இஞ்சி பீர் வாங்கிக்கொண்டேன். பெயர்தான் பீர், நம்ம பன்னீர் சோடாவின் தூரத்துச் சொந்தம். இங்கே அனுமதியோடு நடத்துகிறார்கள். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் இருபது வருஷத்துக்கு மேலாக 'தி ஹாபிட்' என்ற பெயரில் ஒரு மதுக்கூடம் நடந்துவந்தது. 2012-ல் டிரேட்மார்க் கம்பெனியிடமிருந்து நோட்டீஸ். ஊரே கொதித்தது. படத்தில் கன்டால்ஃபாக நடித்த இயன் மெக்கெல்லனும் நடிகர் ஸ்டீபன் ஃப்ரையும் லைசென்ஸ் கட்டணத்தை நாங்களே கட்டுகிறோம் என்று முன்வந்தார்கள். மந்திரவாதியே வந்தாலும் ரசீது கேட்பார்கள் போல.

* * *

சரி, சீரியலுக்கு வருவோம். 1969-ல் விற்றது சினிமா உரிமை. நீளமான டி.வி. தொடர், அதாவது எட்டு எபிசோடுக்கு மேல் போகிற தொடர், டோல்கீன் குடும்பத்திடமே தங்கிவிட்டது என்று ஹாலிவுட் பத்திரிகைகள் எழுதின. அந்தச் சந்து வழியாகத்தான் 2017 நவம்பரில் அமேஸான் உள்ளே நுழைந்தது. உரிமைக்கு மட்டும் சுமார் 25 கோடி டாலர் என்று பேசப்பட்டது. அதே 2017-ல் கிறிஸ்டோபர் எஸ்டேட் நிர்வாகத்திலிருந்து விலகியிருந்தார். வயது 92.

25 கோடி கொடுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? சீரியலைத் தயாரித்த இருவரும் 2022-ல் பேட்டியில் வெளிப்படையாகவே சொன்னார்கள்: 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்று பாகம், அதன் பின்னிணைப்புகள், 'ஹாபிட்'. அவ்வளவுதான். 'சில்மரில்லியன்' கிடையாது.

வேடிக்கை எங்கே என்றால், அவர்கள் எடுக்கத் துணிந்தது இரண்டாம் யுகத்தின் கதை. மோதிரங்கள் செய்யப்பட்டது, நூமெனோர் என்ற தீவு ராஜ்ஜியம் கடலில் மூழ்கியது எல்லாம். 3,441 வருஷக் கதை. அதை விரிவாகச் சொல்லும் புத்தகங்கள் பூட்டின அறைக்குள். இவர்கள் கையில் இருந்தது பின்னிணைப்பில் உள்ள சில பக்க வருஷக் குறிப்பும், நாவலில் அங்கங்கே சிந்திய பேச்சும் பாட்டும்தான். ஆபீஸில் நினைத்துப் பாருங்கள். ஃபைல் பீரோவில் பூட்டியிருக்கிறது, சாவி உங்களிடம் இல்லை. மேஜை மேல் இருக்கிற டயரியை மட்டும் வைத்து முப்பது வருஷ வரலாற்றை எழுதச் சொன்னால்?

எழுதத்தான் செய்தார்கள். இடைவெளியெல்லாம் சொந்தச் சரக்கு. சௌரான் நல்லவன் வேஷம் போட்டு எல்ஃப் ஜாதியை ஏமாற்றும்போது அவனுக்கு 'அன்னதார்' என்று பெயர். அந்தப் பெயர் இருப்பது 'சில்மரில்லிய'னில். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'ஸில் இல்லை. 2022-ல் வந்த முதல் சீசனில் அவன் ஹால்ப்ராண்ட் என்ற புத்தம் புது ஆசாமியாகத்தான் வந்தான். அன்னதார் என்ற பெயர் ஒலித்தது 2024-ல் இரண்டாம் சீசனில்தான். புத்தகம் படித்தவர்கள் 'யாருய்யா இந்த ஹால்ப்ராண்ட்' என்று கத்தினார்கள். படிக்காத என் மைத்துனன் கடைசி எபிசோடு வரை சஸ்பென்ஸில் நகம் கடித்தான். பத்திரத்தின் ஓட்டை அவனுக்கு லாபமாகப் போயிற்று.

எல்லாவற்றுக்கும் பத்திரத்தின் மேல் பழி போடக் கூடாது. ஆயிரம் வருஷ இடைவெளியில் நடந்ததையெல்லாம் ஒரே காலத்தில் அடைத்தது அவர்களே செய்த முடிவு. இல்லாவிட்டால் சீசனுக்கு ஒரு தரம் மனிதப் பாத்திரங்கள் எல்லாம் செத்துப் போவார்கள் என்றார்கள். நியாயம்தான். ஆனால் எந்தக் கற்களை வைத்துக் கட்டுவது என்பதைத் தீர்மானித்தது வக்கீல் ஆபீஸ்.

இந்த வியாதி டோல்கீனுக்கு மட்டும் வந்ததில்லை. ராபர்ட் ஜார்டன் எழுதிய 'வீல் ஆஃப் டைம்' தெரியுமா? தலையணை தலையணையாக 14 வால்யூம். அதன் டி.வி. உரிமையை வாங்கி வைத்திருந்த கம்பெனி எதையும் எடுக்காமலே காலம் தள்ளியது. 2015 பிப்ரவரி 11-ம் தேதிக்குள் எதுவும் வராவிட்டால் உரிமை ஆசிரியர் குடும்பத்திடம் திரும்பிவிடும் என்ற நிலை. பிப்ரவரி 9-ம் தேதி அதிகாலை ஒன்றரை மணிக்கு, விளம்பர நிகழ்ச்சிகள் ஓடுகிற நேரத்தில், அமெரிக்க சேனல் ஒன்றில் அரைமணி நேரப் படம் ஒன்று சத்தமில்லாமல் ஓடி முடிந்தது! ஆசிரியரின் மனைவிக்கே தகவல் தெரியாது. பிறகு கேஸ், சமரசம். ஒழுங்கான தொடர் வந்தது 2021-ல்தான். அதுவும் மூன்று சீசனோடு 2025-ல் நிறுத்தப்பட்டது. கதையை ஜனங்களுக்குக் காட்டுவதற்காகப் படம் எடுப்பது ஒரு வகை. பத்திரம் காலாவதி ஆகாமல் இருக்கப் படம் எடுப்பது இன்னொரு வகை.

* * *

மாட்டமாட்டாவில் நிற்கும்போது இதெல்லாம் வெறும் சினிமா வம்பாகத் தோன்றவில்லை. 'ரிங்ஸ் ஆஃப் பவர்' முதல் சீசனுக்கு நியூஸிலாந்தில் சுமார் 65 கோடி நியூஸிலாந்து டாலர் செலவு என்று 2021 ஏப்ரலில் அமைச்சரே சொன்னார். அரசாங்கம் செலவில் 20 சதவிகிதம் திருப்பித் தர ஒப்புக்கொண்டது, மேலே 5 சதவிகிதம் சலுகை வேறு. தச்சர், தையற்காரர், டிரைவர், குதிரைக்காரர் என்று எத்தனையோ பேர் அஞ்சு வருஷத்துக்கு வேலை என்று நம்பினார்கள். அதே 2021 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது: இரண்டாம் சீசன் இங்கிலாந்தில். அரசாங்கம் அந்த 5 சதவிகிதத்தை நிறுத்திக்கொண்டது. வேலை போனவர்களுக்கு அதில் என்ன வந்தது?

மலை இங்கே, ஆறு இங்கே, இருபது வருஷமாக 'மிடில்-எர்த் நாங்கதான்' என்று மார்தட்டிய ஜனம் இங்கே. ஆனால் பத்திரத்தில் ஊரின் பெயர் இல்லை. அலெக்ஸாண்டர் குடும்பம் தப்பித்தது, மண் அவர்கள் பேரில் இருந்ததாலும் ப்ளைவுட்டை விடாமல் பிடித்துக்கொண்டதாலும். அந்தச் சீரியலை நம்பிய தச்சருக்கு அப்படி ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை.

கிறிஸ்டோபர் 2020 ஜனவரியில், 95 வயதில் இறந்தார். அவரைக் கஞ்சன் என்றவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே ஒரு அறையைப் பூட்டி வைத்தார். அந்த அறைக்குள் இருப்பதை இன்றைக்கும் நாம் நம் மூஞ்சிகளையும் நம் மலைகளையும் வைத்துக் கற்பனை செய்துகொள்ளலாம். பேக் எண்ட் என்றால் உலகத்துக்கே இப்போது ஒரே கதவுதான் ஞாபகம் வருகிறது, போட்டோவில் இருக்கிற அந்தக் கதவு. 'சில்மரில்லியன்' படிப்பவனுக்கு இன்னும் அந்தக் கஷ்டம் இல்லை.

பத்திரங்களுக்கும் ஆயுசு உண்டு என்பது ஒரு ஆறுதல். ஆசிரியர் இறந்து 50 வருஷம் என்பது நியூஸிலாந்துக் கணக்கு. டோல்கீன் தன் வாழ்நாளில் வெளியிட்டவை அங்கே 2024 ஜனவரி 1-ல் பொதுச்சொத்து ஆகிவிட்டன. ஆடுகளுக்கும் சொந்தம் என்று சொல்லலாம். இங்கிலாந்தில் 70 வருஷம், 2044. நமக்கு 60 வருஷக் கணக்கு, 2034 ஜனவரி 1. யாராவது சீரியல் எடுக்கும் எண்ணத்தில் இருந்தால் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கலாம். டிரேட்மார்க் ஆசாமிகள் அப்போதும் நோட்டீஸோடு நிற்பார்கள் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளவும்.

அவ்வளவு நாள் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பூட்டின அறை, பூட்டாத அறை எல்லாவற்றையும் சுற்றிப் பார்க்கலாம். ஆயிரம் வருஷத்தையும் அடக்கிச் சுருக்காமல் முழுசாகப் பார்க்கலாம். ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம், வக்கீல் வேண்டாம், 25 கோடி டாலரும் வேண்டாம்.

லைப்ரரி கார்டு போதும்.